சேற்றுக் கூடல்

முழுநாள் வாடகை. ஏறியவர் பெயர் உச்சிமாகாளி.
ஊர் திருநெல்வேலி குறுக்குத்துறை,
தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவராம்.
மடியில் மஞ்சள் பை,
பைக்குள் ஒரு துண்டு, ஒரு சோப்பு.
‘மொதல்ல ஆத்துக்குப் போங்கம்மா.’

ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன்.
இரட்டைக் கோபுரம் கேட்பார்கள்,
சாக்லேட் கடை கேட்பார்கள்.
ஆறு கேட்டவர் இவர்தான்.

மஸ்ஜித் ஜாமேக்குக்கு எதிர்க்கரையில் நிறுத்தினேன்.
இடப்பக்கம் கோம்பாக், வலப்பக்கம் கிள்ளான்.
சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே
பால் குறைந்த தேநீர் நிறத்தில்
இரண்டும் வந்து முட்டி, ஒன்றாகிப் போயின.
கோலாலம்பூர் என்றால் சேற்றுக் கூடல், என்றேன்.
ஈயம் தேடி வந்தவர்கள்
படகைக் கட்டிய மூலை இது.

சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.
கீழே விளிம்பில் ஓர் உடும்பு,
அதற்கும் அவசரமில்லை.
‘எறங்கப் படியே இல்லியே?’
இதில் யாரும் குளிப்பதில்லைண்ணே.
‘குளிக்காத ஆத்துக்கு எதுக்கும்மா
கூடல்னு பேரு?’

எனக்குச் சுருக்கென்றது.
பிறந்த ஊர். நாற்பத்தோரு வயது.
இதில் ஒருநாளும் கால் நனைத்ததில்லை.

புக்கிட் நானாஸில் ஏறினோம்.
கட்டடங்களின் இடுக்கில்
யாரோ வெட்ட மறந்ததுபோல் ஒரு காடு.
தொங்குபாலம் ஆட, கயிற்றைப் பற்றிக்கொண்டு
அவர் மரங்களின் பெயர் கேட்டார்.
மரம், என்றேன்.

பத்துமலையில் இருநூற்று எழுபத்திரண்டு படி.
பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்து சொன்னார்:
‘எங்கூரு முருகன் ஆத்துக்குள்ள இருக்கான்.
வெள்ளம் வந்தா தூக்கிட்டு மேலக்கோயிலுக்கு ஓடுவோம்.
இவன் வெவரமானவன்,
முன்னாடியே ஏறிட்டான்.’

காஞ்சிங்கில் அருவி.
அப்புறம் அவரை நான் பார்க்கவேயில்லை,
தண்ணீருக்கடியில் ஒரு முதுகுதான் தெரிந்தது.
குரங்கொன்று சோப்பைத் தூக்கிப் போய்க்
கடித்துப் பார்த்துவிட்டு
எங்கள் இருவரையும் முறைத்தது.
‘கால வைங்கம்மா, காலையாவது.’
கார் சாவியை இறுகப் பிடித்தபடி வைத்தேன்.
குளிர் முழங்காலில் ஏறி
பல்லில் வந்து நின்றது.

‘இந்தத் தண்ணி அங்க வந்து சேருமா,
அந்தப் பள்ளிவாசல்கிட்ட?’
கைப்பேசியில் தேடினேன்.
சேராதுண்ணே. இது வேறு வழி.
அவருக்கு ஏமாற்றம். எனக்கு அதைவிட.

இரவு, விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது
மழை கொட்டிற்று.
சுரங்கப்பாதை வாயில் சிவப்பு எழுத்தில்
மூடியாயிற்று.
சொன்னேன்: வெயில் நாளில் இது சாலை,
கார்கள் போகும்.
கிள்ளான் பெருகினால் கதவடைத்து
வெள்ளத்தை உள்ளே விடுவார்கள்,
ஊருக்கு அடியிலேயே ஓடிப் போய்விடும்.

காயில் கட்டும் விரல்கள் கண்ணாடியில் தாளம் நிறுத்தின.
‘இப்ப ஓடுதா? நமக்குக் கீழ?’
ஓடலாம்.
‘அப்பிடிச் சொல்லுங்க, மூணாவது ஒண்ணு இருக்குல்லா.
கண்ணுக்குத் தெரியாதது.
முக்கூடல்னு சொல்லணும் நீங்க.’

கண்ணாடியை இறக்கி
மழையில் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.
இருக்கை நனைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.
நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம்.
நல்லவேளை, விமானமும் தாமதம்.

மறுநாள் பின்சீட்டுக்கடியில்
பிழியாத ஒரு துண்டு.
பாங்சாரில் ஏறிய பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு
என்ன வாடை இது, என்று கேட்டாள்.
ஆறு, என்றேன்.

இறங்கியதும் ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டாள்.
போகட்டும்.
அன்று மதியம் பயணி இல்லாத நேரத்தில்
பள்ளிவாசலுக்கு எதிர்க்கரையில் நிறுத்தி
படி எங்காவது இருக்கிறதா என்று
சுவரோரமாக நடந்து பார்த்தேன்.